நான் கோடாலி எறியிறதை விடேல்லை, தம்பி

தம்பி,

இதைத் தமிழிலைதான் எழுதிறன். போனிலை கதைச்சால் நீ பாதியிலை இத்தாலியனுக்கு மாறிடுவாய், அதுவும் எங்கடை பலேர்மோ இத்தாலியன், பேந்து எனக்கு வாய் திறக்க இடம் இராது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனனான். அதின்ரை பலனை இண்டைக்கு எடுக்கிறன். எழுத்துக்கூட்டி மெல்ல வாசி. கோவம் வந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து இருந்து வாசி. ஆனா முடியுமட்டும் வாசி.

ஷாமினியின்ரை அப்பாவும் அம்மாவும் ஜெனோவாவிலை இருந்து உன்ரை கலியாண விசயமாய் எங்களைப் பாக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் அவையளைச் சாப்பாட்டு மேசையிலை விட்டிட்டுக் கத்தி எறியப் போனன் எண்டு உனக்கு ஆரோ சொல்லியிருக்கினம். நீ போனிலை, "அம்மா, உங்களுக்கு என்ரை கலியாணத்தை விட அது பெரிசோ?" எண்டு கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைச்சிட்டன். பதில் இல்லாமல் இல்லை. நிண்ட நிலையிலை சொல்லியிருந்தால் நீ தாங்கமாட்டாய். இப்ப இருந்து எழுதிறன். நடந்ததை முதலிலை இருந்து கேள். நீ பொலோஞ்ஞாவுக்குப் படிக்கப் போன பிறகு இந்த வீட்டிலை என்ன நடந்தது எண்டு நீ வடிவாய்க் கேட்டதே இல்லை.

நீ போன வருசம் எனக்குப் பின்னேரங்கள் மிஞ்சிப் போச்சு. லிபெர்த்தாத் தெருவிலை இத்தாலியன் அம்மா, அந்தச் சிஞ்ஞோராவின்ரை வீட்டு வேலை மூண்டு மணியோடை முடியும். அப்பா மக்வேதாத் தெருச் சாப்பாட்டுக்கடைக் குசினியிலை நிண்டிட்டு இரவுதான் வருவார். சும்மா இருக்கேலாமல் இன்னொரு துப்பரவு வேலை எடுத்தன். ஊருக்கு வெளியிலை, எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலை ஒரு பழைய களஞ்சியம். அதிலை ஒரு கழகம் நடக்குது. கத்தியும், தொமஹாக் எண்டு சொல்லுற சின்னக் கைக்கோடாலியும் மரத்துக்கு எறிஞ்சு விளையாடுற ஆக்கள். முதல் நாள் நான் கதவடியிலை நிண்டு பாத்திட்டு, விசர்ச் சனம் எண்டு நினைச்சன். சுவர் முழுக்கப் பெரிய மரக்குத்தியள், வட்டமாய் வெட்டி, முகத்திலை சிவப்பு வெள்ளை வளையம் கீறி நிறுத்தியிருந்தினம். கீழை முழுக்க மரச்சிராய். அதைக் கூட்டுறதுதான் என்ரை வேலை.

ஒரு நாள் ஜொவான்னா எண்டு ஒரு பொம்பிளை, என்ரை வயசுதான், மீன் கடை வைச்சிருக்கிறவ, வேளைக்கே வந்து எறிஞ்சுகொண்டு நிண்டா. ஒரு கோடாலி பிடியாலை மரத்திலை அடிச்சுத் திரும்பிப் பறந்து வந்து என்ரை தும்புத்தடிக்குப் பக்கத்திலை விழுந்தது. எடுத்துக் குடுத்தன். அவ வாங்கேல்லை. "நீ எறிஞ்சு பார்" எண்டா. நான் இல்லை இல்லை எண்டு தலையாட்டினன். "உன்ரை கையிலைதானே இருக்கு?" எண்டா. எறிஞ்சன். அது மரத்துக்குப் போகவும் இல்லை. இடையிலை நிலத்திலை குத்தி உருண்டது. ஜொவான்னா விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. நீ போன பிறகு நான் சத்தமாய்ச் சிரிச்சது அண்டைக்குத்தான்.

பிறகு ஒவ்வொரு நாளும் கூட்டி முடிச்சிட்டு எறிஞ்சு பாத்தன். கன நாள் ஒண்டும் கொத்தேல்லை. பிடியாலை அடிக்கும், தட்டையாய் அடிக்கும், துள்ளி விழும். ஒரு பின்னேரம் ஒண்டு கொத்திச்சுது. "தொக்" எண்டு ஒரு சத்தம். தம்பி, அந்தச் சத்தத்தை நான் எப்பிடி உனக்குச் சொல்லுறது! இந்தக் கையாலை இருபத்தைஞ்சு வருசமாய் நான் மற்ற ஆக்களின்ரை கண்ணாடி துடைக்கிறன், மற்ற ஆக்களின்ரை தாயைக் குளிக்க வாக்கிறன். நான் துடைச்சது அடுத்த நாள் திரும்ப ஊத்தையாகும், திரும்பத் துடைப்பன். இது அப்பிடியில்லை. கையை விட்டுப் போனது போனதுதான். காத்திலை ஒருக்கால் சுத்தி, நான் பாத்த இடத்திலை போய்க் கொத்தி, அங்கையே நிண்டுது. நான் கிட்டப் போய்ப் பாத்துக்கொண்டு நிண்டன். புடுங்கவே மனம் வரேல்லை.

அதுக்குப் பிறகுதான் கழகத்திலை சேந்தன், போட்டியளுக்குப் போகத் தொடங்கினன். அப்பா என்ன சொன்னார் எண்டு நீ ஒவ்வொரு முறையும் கேக்கிறாய். அப்பா முதல் ரெண்டு மாதம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு ஒரு நாள் வந்து பாத்தார். அதுக்குப் பிறகு அப்பாதான் கார் ஓடுறவர். கத்தியெல்லாம் பூட்டின பெட்டியிலை காருக்குப் பின்னுக்கு ஏத்துறதும் அவர்தான். நீ அப்பாவிட்டைத் தனியக் கதைச்சு என்னை மறிக்கலாம் எண்டு நினைச்சால், அந்த வழி அடைச்சுக் கிடக்கு.

இதெல்லாம் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கழகத்துப் பெடியள் நான் எறியிறதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் ஊருக்கு நித்திரை போச்சு. சீலையோடை எண்டாலும் பறவாயில்லையாம், காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு தமிழ்ப் பொம்பிளை கோடாலி எறியிறாவாம். பலேர்மோவிலை இருந்து லண்டன், லண்டனிலை இருந்து கனடா, கனடாவிலை இருந்து திரும்ப இத்தாலிக்கு, ஜெனோவாவுக்கு, அந்த வீடியோ ஓடிச்சுது. "புருசன் கவனம்" எண்டு எழுதியிருந்தவை. அப்பா அதை வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சார்.

சிரிக்கேலாத கேள்வி ஒண்டுதான் வந்தது. எங்கடை வேதக் கோயில் வாசலிலை பிலோமினா அக்கா, பாட்டுக்குழுவிலை முன்னுக்கு நிக்கிறவ, என்ரை கையைப் பிடிச்சு, "பிள்ளை, நாங்கள் பட்டது காணாதோ? இஞ்சை வந்தும் உனக்கு ஆயுதமோ?" எண்டு கேட்டா. கண் கலங்கித்தான் கேட்டா. அவ ஊர்ச் சண்டைக்கு ரெண்டு பிள்ளையளைக் குடுத்தவ. அதாலை நான் அவவோடை கோவிக்கேல்லை. நீயும் அதைத்தான் வேற மாதிரிக் கேட்டனீ, அதாலை உனக்கும் சொல்லுறன். மன்னாரிலை ஆயுதம் வைச்சிருந்த ஒருத்தரும், எந்தப் பக்கத்து ஆளும், என்னட்டைக் கேட்டு ஒண்டும் செய்யேல்லை. என்ரை அண்ணன் வேலைக்குப் போட்டு வாறன் எண்டு போனவர், வரேல்லை. அதுக்கு ஒருத்தரும் வெக்கப்படேல்லை. இஞ்சை ஒரு மரக்குத்திக்கு முன்னாலை நிண்டு நான் ஏன் வெக்கப்படவேணும்? எங்கடை கழகத்திலை எறியிற கோட்டைத் தாண்டி ஒரு ஆள் நிண்டால் ஒருத்தரும் கை தூக்கேலாது. கடைசி ஆள் எறிஞ்சு முடிக்குமட்டும் எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பம். பேந்து எல்லாரும் ஒண்டாய் நடந்து போய் அவரவரின்ரையைப் புடுங்கிக்கொண்டு வருவம். இரும்பைக் கையிலை வைச்சிருக்கிற ஆக்கள் இவ்வளவு பொறுமையாய் நிண்டதை நான் என்ரை சீவியத்திலை வேற ஒரு இடத்திலையும் காணேல்லை. இதைப் பிலோமினா அக்காவுக்கும் சொன்னன். அவ ஏற்கேல்லை. ஏற்காட்டிலும் பறவாயில்லை. நாங்கள் ரெண்டு பேரும் இப்பவும் பக்கத்திலை பக்கத்திலை இருந்துதான் பூசை காணுறம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாறன்.

அவை வரப்போகினம் எண்டு தெரிஞ்ச உடனை, அண்டைக்குப் பின்னேரம் எனக்குப் போட்டி இருக்கு எண்டு உனக்குச் சொன்னனான். நீ, "கலியாணம் முடியுமட்டும் உந்த விளையாட்டை விடுங்கோம்மா, வீடியோவையும் எடுக்கச் சொல்லுங்கோ" எண்டாய். நான் மாட்டன் எண்டு சொன்னன். அதோடை அந்தக் கதை முடிஞ்சுது எண்டு நினைச்சன். காலமை வேளைக்கே பூசைக்குப் போட்டு வந்து, ஆட்டிறைச்சிக் கறி வைச்சு, கத்தரிக்காய் பொரிச்சு, அப்பாவைக் கபோச் சந்தைக்கு விட்டு நல்ல இறால் எடுப்பிச்சு, மேசை நிறைச்சுச் சாப்பாடு வைச்சன். ஷாமினியின்ரை அப்பா வாய் நிறையப் புகழ்ந்துதான் சாப்பிட்டார். அவவின்ரை அம்மா கனக்கக் கதைக்கிற ஆளில்லை. கோப்பையைப் பாத்துக்கொண்டு மெல்லச் சாப்பிட்டா.

சாப்பிட்டு முடியிற நேரம் அவர் சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "தம்பி எல்லாம் சொன்னவர். நீங்கள் அந்தக் கோடாலி விளையாட்டை விட்டிட்டீங்களாம். நல்லது. பகிடிக்கு ரெண்டு நாள் செய்யிறதுதானே."

தம்பி, எனக்குக் கையிலை கரண்டி இருந்தது. அதைக் கீழை வைச்சன். அப்பா என்னைப் பாத்தார். நீ என்னை விடச்சொல்லிக் கேட்டது எனக்கு நோகேல்லை. கேக்கிறது உன்ரை உரிமை, மறுக்கிறது என்ரை உரிமை. ஆனா நான் மறுத்த பிறகு, நான் இல்லாத இடத்திலை, என்ரை வாயாலை நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டாய். அவர் பாவம், நம்பிக்கொண்டு வந்து எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிடுறார்.

"இல்லை அண்ணை. நான் விடேல்லை. இண்டைக்கும் நாலு மணிக்குப் போட்டி. நீங்களும் வந்து பாக்கலாம், இல்லையெண்டால் இஞ்சை ஆறியிருங்கோ, நாங்கள் ஆறரைக்குள்ளை வந்திடுவம்" எண்டு சொன்னன்.

அவரின்ரை முகம் மாறிட்டுது. "அப்ப தம்பி பொய் சொன்னவரோ?"

"அதை நீங்கள் தம்பியிட்டைத்தான் கேக்கவேணும்."

"எங்கடை குடும்பத்திலை பொம்பிளையள் கத்தி தூக்கிறது குசினிக்குள்ளை மட்டும்தான்" எண்டார்.

"நானும் காலமை குசினிக்குள்ளை தூக்கினனான்தான் அண்ணை. நீங்கள் இப்ப சாப்பிட்ட இறைச்சி தானாய் வெட்டுப்படேல்லை."

அப்பா சமாளிக்கப் பாத்தார். "அண்ணை, நான் இவவோடை முப்பது வருசமாய்க் குடும்பம் நடத்துறன். கத்தி வர முதலே எனக்குப் பயம்தான்" எண்டு சொல்லிச் சிரிச்சார். ஷாமினியின்ரை அப்பா சிரிக்கேல்லை. கை கழுவிட்டு, கபோவிலை இருக்கிற தன்ரை தம்பி முறையான ஆளின்ரை வீட்டுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டார். வாசலிலை நிண்டு, "வா" எண்டு மனிசியைக் கூப்பிட்டார்.

ஷாமினியின்ரை அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. எழும்பி நிண்டுகொண்டு, "நீங்கள் போங்கோ. நான் இவையோடை போய்ப் பாத்திட்டு வாறன்" எண்டா. அவர் என்ன நினைச்சாரோ தெரியாது, படி இறங்கிட்டார்.

அப்பா எங்களைக் காரிலை போட்டிக்குக் கொண்டுபோனார். அங்கை போய் அவவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்தினன். மடியிலை கைப்பையை வைச்சு ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு, பரிசோதனைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தா. எனக்கு முதுகு எரிஞ்சுது. கத்தி எறிதல்தான் முதல். முதல் கத்தி பிடியாலை அடிச்சு விழுந்தது. ரெண்டாவதும் விழுந்தது. நான் இவ்வளவு கதைச்சுப்போட்டு வந்து, இப்ப இந்த மனிசிக்கு முன்னாலை தகரத்தைக் கொட்டுற மாதிரி எல்லாத்தையும் விழுத்துறன் எண்டு நினைச்சன். ஜொவான்னா பின்னுக்கு நிண்டு, "மரத்தைப் பார். ஆக்களைப் பாக்காதை" எண்டா. அரை அடி பின்னுக்குப் போய் நிண்டு, மூச்சை விட்டு, திரும்ப எறிஞ்சன். கொத்திச்சுது. அதுக்குப் பிறகு எறிஞ்சதிலை முக்கால்வாசி கொத்திச்சுது. கோடாலிச் சுற்றிலை கடைசி எறியிலை நடு வட்டத்திலை, அலகு முழுக்க உள்ளை போய் நிண்டுது. சனம் கத்திச்சுது. நானும் கத்தினன், தம்பி. வெக்கமில்லாமல் கத்தினன்.

பரிசு வரேல்லை. முதலிலை விட்ட புள்ளியள் விட்டதுதான். பரிசு வாங்கினவையைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டு, வேர்த்துக்கொண்டு ஷாமினியின்ரை அம்மாவிட்டை வந்தன்.

"உங்களுக்குப் பரிசு இல்லையோ?" எண்டு கேட்டா.

"இல்லை அக்கா."

"பிறகேன் இவ்வளவு சந்தோசம்?"

"கடைசி கொத்தினதைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்" எண்டா. கோடாலியைத் தரச்சொல்லி வாங்கி, பாரம் பாத்தா. பேந்து திருப்பித் தந்தா. "எனக்கு இது வேண்டாம். எனக்கு இதுகளைப் பாக்கவே நெஞ்சு படபடக்குது. நான் வந்தது வேற ஒண்டுக்கு. என்ரை மகள் வாழப்போற வீட்டிலை, மாட்டன் எண்டு சொல்லுற ஒரு பொம்பிளைக்கு என்ன நடக்குது எண்டு பாக்க வந்தனான்."

"என்ன நடந்தது?" எண்டு கேட்டன்.

"உங்கடை மனிசன் உங்களுக்கும் எனக்கும் கோப்பி வாங்கித் தந்தார்" எண்டு சொல்லி முதல்தரம் சிரிச்சா.

நீ அந்த மனிசியின்ரை கேள்வியைத் திரும்ப ஒருக்கால் வாசி. உனக்காகத்தான் அதை அப்பிடியே எழுதினனான். ஷாமினி படிச்ச பிள்ளை, வாய் திறந்து கதைக்கிற பிள்ளை. நாளைக்கு அவ ஒண்டுக்கு மாட்டன் எண்டு சொல்லுவா. அப்ப நீ என்ன செய்வாய்? அவவோடை சண்டை பிடி, அழு, ரெண்டு நாள் கதைக்காமல் இரு, அதெல்லாம் குடும்பத்திலை உள்ளதுதான். ஆனா வெளியிலை போய், அவ ஓம் எண்டிட்டா எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. ஒரு மனிசியை இல்லாமல் ஆக்கிறதுக்கு அவவைத் தொடக்கூடத் தேவையில்லை. அவவுக்குப் பதிலாய் நீ கதைச்சால் காணும்.

பதினாலு வயசிலை நீ ட்ரம்ஸ் வேணும் எண்டு நிண்டது நினைவிருக்கோ? ரெண்டு அறை வீட்டிலை, மூண்டாம் மாடியிலை! கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா தும்புத்தடியாலை சீலிங்கைக் குத்துவா. அப்பா வித்துப்போடுவம் எண்டார். கோயிலாக்கள் வந்து, பிள்ளை படிக்கிற வயசிலை இதென்ன கூத்து எண்டு கேட்டவை. நான் அவைக்கு முன்னாலை உன்னைக் கூப்பிட்டு, "அடிச்சுக் காட்டு ராசா" எண்டன். நீ நடுங்கி நடுங்கி அடிச்சாய். நல்லாயும் இருக்கேல்லை, உண்மையைச் சொல்லுறன். எண்டாலும் ஆக்கள் வரேக்கை அதைக் கட்டிலுக்குக் கீழை ஒளி எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை. நீ இப்ப வைச்சிருக்கிற நிமிர்வு அங்கையிருந்துதான் வந்தது. அதை வைச்சுக்கொண்டு என்னைக் குனியச் சொல்லாதை.

மிச்சத்தையும் சொல்லுறன். அண்டைக்குப் பின்னேரம் ஷாமினியின்ரை அம்மாவைக் கபோவிலை கொண்டுபோய் இறக்கினம். அவர் தெருவிலை நிண்டார். "என்ன, நீயும் எறிஞ்சனியோ?" எண்டு கேட்டார். "இல்லை. பாத்தனான். இந்தக் கலியாணம் நடக்கட்டும்" எண்டா அவ. அவ்வளவுதான். அடுத்த நாள் விமான நிலையத்துக்குப் போக முதல் அவர் எனக்குப் போன் எடுத்து, "கலியாண வீட்டிலை உந்தக் கதை எடுக்காதையுங்கோ" எண்டார். "நானாய் எடுக்கமாட்டன் அண்ணை. ஆரும் கேட்டால் ஒளிக்கவும் மாட்டன்" எண்டன். பிறகு, "இறைச்சிக்கறி நல்லாயிருந்தது" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார். அவர் சமாதானமாகேல்லை. ஆகவேணும் எண்டு நான் கேக்கவும் இல்லை. உன்ரை கலியாணம் குழம்பேல்லை. குழம்பியிருந்தால் அழுதிருப்பன், உனக்குப் பக்கத்திலை வந்து இருந்திருப்பன். ஆனா அப்பவும் நான் எறியிறதை விட்டிருக்க மாட்டன். அதை நீ தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லது.

ஷாமினியும் எனக்குப் போன் எடுத்தவ. "மாமி, அவர் ஏன் அப்பாவுக்குப் பொய் சொன்னவர்?" எண்டு கேட்டா. அதை அவரிட்டைக் கேள் பிள்ளை எண்டு சொன்னன். கேட்பா. கேக்கேக்கை அம்மாவுக்காக, அப்பாவுக்காக, ஊருக்காக எண்டு சுத்தாதை. பயந்துதான் சொன்னனான் எண்டு சொல்லு. பயந்ததை ஒத்துக்கொண்ட மனிசனோடை ஒரு பொம்பிளை குடும்பம் நடத்தலாம். என்னை நம்பு. உன்ரை அப்பா கனக்கப் பயந்தவர். ஒண்டையும் ஒளிச்சதில்லை.

வாற சனிக்கிழமை நீ வீட்டை வாறாய் எண்டு அப்பா சொன்னார். வா. ஆனா அண்டைக்குக் கத்தானியாவிலை போட்டி, நானும் அப்பாவும் விடியவே வெளிக்கிட்டிடுவம். வீட்டுத் திறப்பைக் கீழ்வீட்டுச் சிஞ்ஞோராவிட்டைக் குடுத்து வைக்கிறன். மீன் குழம்பு பிரிட்ஜுக்குள்ளை இருக்கும், சோறு நீ போட்டுக்கொள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வை. நான் வந்து கழுவ மாட்டன்.

அம்மா